ஐம்பதாவது நெஞ்சுப் படம்

“எங்கப்பாகிட்ட பதினோரு தடவ கேக்கப் போனேன் பொற்கொடி. ஒரு தடவகூட எடம் கெடைக்கல.”

“எடமா? எதுக்குங்க எடம்?”

“அவரு பேச்சுல எடம். கோழித் தீவனத்துல ஆரம்பிச்சாருன்னா பல்லடம் பஸ் ஸ்டாண்டு, பங்காளி ஊட்டுக் கல்யாணம்னு போயிட்டே இருப்பாரு. நடுவுல எங்க நொழஞ்சு ‘ஒரு பொண்ணப் புடிச்சிருக்கு’ன்னு சொல்றது?”

“அப்ப நான் வேணா கேட்டுப் பாக்கறனுங்க.”

“நீயா!” என்று சிரித்தான் ரவிதேஜா. “ஒரு ஆளத் தள்ளி நிக்கச் சொல்றதுக்கே மூணு மன்னிப்புக் கேப்ப நீ.”

மருத்துவமனை கேன்டீனில் நடந்த அந்தப் பேச்சுக்கு ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. பொற்கொடி அதை மறக்கவில்லை, கேட்கவும் இல்லை. ரவிதேஜா கோயமுத்தூரில் அதே மருத்துவமனையின் எம்ஆர்ஐ டெக்னீஷியன். அவள் அங்கே எக்ஸ்ரே படிப்பின் கடைசி வருஷ மாணவி. அவளுடைய அப்பாவும் அம்மாவும் கொடுமுடியில் அடுத்தவர் காட்டில் வேலை செய்து அவளைப் படிக்க வைத்தவர்கள். அவன் வீட்டில் பேசுவது தெலுங்கு, வளர்ப்பது பத்தாயிரம் கோழி. சும்மா போய்க் கேட்டுவிடக்கூடிய சமாச்சாரமா அது?

அவன் கேலி செய்த அந்தப் பணிவுதான் இப்போது அவள் பட்டத்துக்கே வேட்டு வைத்துக்கொண்டிருந்தது.

பட்டம் வேண்டுமென்றால், எடுத்த படங்களைக் குறித்துவைக்கும் லாக் புக் நிரம்ப வேண்டும். மணிக்கட்டு, முழங்கால் எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டன. நெஞ்சுப் படம்தான் பாக்கி. மொத்தம் ஐம்பது. சொல்ல வேண்டியதை மாணவியே நோயாளிக்குச் சொல்ல வேண்டும். முதல் தடவையிலேயே படம் தெளிவாக விழ வேண்டும். திரும்ப எடுத்தால் அது சேராது.

நோயாளி மூச்சை இழுத்து இரண்டு நொடி கம்மென்று நின்றால் போதும். “இழுங்க, புடிங்க” என்றால் வேலை முடிந்தது. பொற்கொடிக்கு அப்படி வராது.

“ஏனுங்க, கொஞ்சம் மூச்ச நல்லா இழுத்துப் புடிச்சுக்கறீங்களாங்க?” என்பாள்.

இவ்வளவு பதவிசாகக் கேட்ட பெண்ணுக்குப் பதில் சொல்லாமல் நிற்க எந்தக் கொங்கு நாட்டு மனுசனுக்கு மனசு வரும்? “ஆகட்டுங்க அம்மணி” என்பார் நோயாளி. பிடித்த மூச்செல்லாம் அதோடு வெளியே போய்விடும். அந்த நேரம் பார்த்து இவள் பொத்தானை அழுத்துவாள். படத்தில் நுரையீரல், மார்கழி மாதத்து வால்பாறைபோல ஒரே மூட்டமாக இருக்கும்.

“‘புடிங்க’ன்னு சொல்லு, கேக்காத!” என்று தலையிலடித்துக்கொள்வார் சாஜிதா பேகம். லாக் புக்கில் கையெழுத்துப் போடும் தலைமை டெக்னாலஜிஸ்ட் அவர். “பொண்ணு பாக்க வந்தவங்களுக்குக் காப்பி நீட்டற மாதிரி இருக்குது நீ பண்றது.”

எப்படியோ நாற்பத்தொன்பது சேர்ந்துவிட்டது. கடைசி நாளும் வந்துவிட்டது. நான்கு மணிக்குள் லாக் புக் கல்லூரிக்குப் போகாவிட்டால் பட்டம் இன்னும் ஆறு மாசம் தள்ளிப் போகும்.

மூன்றரைக்கு ஒரு சீட்டு வந்தது. கோபாலசாமி, வயது 58, பல்லடம், இருமல்.

அவள் சீட்டிலிருந்து நிமிர்ந்தபோது கதவிடுக்கில் ரவிதேஜாவின் முகம் தெரிந்தது. “எங்கப்பா” என்று உதட்டை மட்டும் அசைத்துவிட்டு ஓடியே போனான்.

கோபாலசாமி பேசிக்கொண்டேதான் உள்ளே வந்தார்.

“ஏனுங் அம்மணி, சட்டையக் கழட்டோணுங்களா? போன வாரம் நம்ம பண்ணையில ஒரு சேவலுக்கும் இதே இருமலுங்க. அதுக்கு ஆரு படம் எடுத்தா? அதுபாட்டுக்குச் சரியாப்போச்சு. இந்தக் கதிரு ஒடம்புக்கு ஆகாதுன்னு வாட்ஸப்புல வந்துதே, நெசமுங்களா? உங்களுக்கு எந்த ஊருங்க? கொடுமுடியா! கொடுமுடியில எனக்கு ஒருத்தரத் தெரியும்...”

அவர் நெஞ்சைப் படம் பிடிக்கும் பலகையோடு ஒட்டி, தாடையை அதன் மேல் வைத்து நிறுத்தினாள். அப்போதும் பேச்சு நிற்கவில்லை; பலகைதான் ஆடியது.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றாள். மணி மூன்று நாற்பது. ‘ஏனுங்க, கொஞ்சம்’ என்று தொண்டைவரை வந்ததை விழுங்கினாள்.

“பேச்ச நிறுத்துங்க!”

பக்கத்தில் லாக் புக்கோடு நின்ற சாஜிதா பேகத்தின் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது.

“மூச்ச இழுங்க. புடிங்க. நான் ‘விடுங்க’ன்னு சொல்றவரைக்கும் வாயத் தொறந்தீங்கன்னா இன்னொருக்காக் கதிரு அடிச்சுப்போடுவேன்!”

கோபாலசாமி கப்பென்று வாயை மூடினார். பொற்கொடி பொத்தானை அழுத்தினாள். திரையில் படம் விழுந்தது. ஒவ்வொரு விலா எலும்பும் சீப்பின் பல்போலத் தனித்தனியாகத் தெரிந்தது. சாஜிதா பேகம் குனிந்து பேனாவை எடுத்து, ஐம்பதாவது வரியில் கையெழுத்துப் போட்டார்.

“அந்த மனுசன மூச்ச விடச் சொல்லு புள்ள.”

சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, அறை எவ்வளவு அமைதியாக இருக்கிறதென்று. பல்லடம் கோபாலசாமி பேசாமல் நின்றுகொண்டிருந்தார். பெற்ற மகனுக்குப் பதினோரு தடவை கிடைக்காத இடம், இதோ, அகலமாகத் திறந்து கிடந்தது. அவர் காது இரண்டும் சிவக்கத் தொடங்கின. மிஞ்சிப் போனால் இன்னும் ஐந்து நொடி.

“ஏனுங் மாமா...” அதட்டல் எங்கோ போய், பழைய குரல் திரும்பியிருந்தது. “உங்க ரவிதேஜாவ எனக்குக் கட்டிக் குடுக்கறீங்களாங்க?”