‘நாங்கள்’ என்றால் யார்

என் தங்கை ஜெயசித்ரா நெதர்லாந்தில் இறந்து சில மாதங்கள் கழித்து, அவளுடைய ஆய்வேட்டைத் திருத்தலாமா என்று கேட்டு லின் கூப்பிட்டாள். லின் வியட்நாம்காரி. ஜெயசித்ராவுக்கு அடுத்த மேஜையில் உட்கார்ந்து, அதே பேராசிரியரிடம் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவள். சைக்கிளில் போன என் தங்கையை லாரி அடித்த அன்று ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடியவளும் அவள்தான்.

ஆய்வேடு ஏறக்குறைய முடிந்திருந்தது. நான்காம் இயலைச் சரிசெய்து கொடுத்தால் இறந்தவளுக்கும் பட்டம் உண்டு. அந்தப் பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு விதி. சரிசெய்யும் வேலையைப் பேராசிரியர் லின்னிடம் கொடுத்திருந்தார். அதற்கு வீட்டார் சம்மதம் வேண்டும்.

இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஆங்கிலத்தில், மெதுவாகப் பேசிக்கொண்டோம்.

“என்ன சரிசெய்ய வேண்டும்?”

“ஒரே ஒரு சொல். அவள் ‘நாங்கள்’ என்று எழுதிய இடத்திலெல்லாம் ‘பங்கேற்பாளர்கள்’ என்று மாற்ற வேண்டும்.”

அவளுடைய ஆய்வு நூல் மில்களில் வேலை பார்க்கும் பெண்களைப் பற்றியது. நான்காம் இயல், ராஜபாளையத்துப் பக்கம் நாங்கள் இருந்த மில் ஹாஸ்டல். பள்ளிக்கூடம் முடித்ததும் நான் அங்கே போனேன், பின்னால் அவளும் வந்தாள். தளவாய்புரத்து முத்துப்பேச்சியோடு சேர்த்து மூன்று பேருக்கு ஒரே அறை. ஜெயசித்ரா இரண்டு வருடத்தில் கல்லூரிக்குப் போய்விட்டாள். நான் கல்யாணமாகி வெளியே வந்து, தபாலில் படித்து, ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே மனு டைப் அடிக்கிற கடையில் இருக்கிறேன்.

லின் அனுப்பிய ஆங்கிலப் பக்கங்களைக் கடையில் வைத்தே படித்தேன். ஓரத்தில் பேராசிரியரின் கேள்வி இருந்தது: ‘நாங்கள் என்றால் யார்? படிப்பவரும் இதில் சேர்த்தியா?’ கீழே என் தங்கையின் பதில்: ‘என் மொழியில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. கேட்பவரைச் சேர்க்கிற சொல் ஒன்று, சேர்க்காத சொல் ஒன்று. இது சேர்க்காத சொல்.’ அதற்கும் கீழே அவர் எழுதியிருந்தார்: ‘அப்படியானால் நான் இதை எப்படிச் சோதிப்பது?’

“எங்கள் மொழியிலும் இரண்டு உண்டு” என்றாள் லின். “சேர்ப்பது சுங் தா, சேர்க்காதது சுங் தோய். அவள் பதிலைப் படித்துவிட்டு நான் சத்தமாகச் சிரித்தேன். ஆனால் பேராசிரியரோடு நான் சண்டை போடவில்லை. என் ஆய்வேட்டில் என் அம்மா ‘தகவலாளி 12’.”

நாள் முழுக்க ‘நான்’ என்று அழுதுகொண்டு வருகிறவர்களை ‘மனுதாரர்’ என்று அடித்துக் கொடுக்கிறவள் நான். அது எனக்குப் புதிதில்லை. ஆனால் இந்த நாற்பது பக்கம் வேறு. இதில் அவளும் நானும் ஒரே சொல்லுக்குள் இருந்தோம். அந்தச் சொல்லை எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அம்மாவுக்கு அது புரியவில்லை. வருட நினைவஞ்சலிக்கு ஒட்டும் போஸ்டரில் ‘டாக்டர்’ என்று வர வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

“வெறும் ஜெயசித்ரான்னு போடவா எம்மவ அம்புட்டுத் தொலைவு போனா? அந்தப் பிள்ள கேக்கதக் குடுத்துத் தொலையேம்ட்டி.”

லின்னிடம் வேறு வழி உண்டா என்று கேட்டேன். அந்த அறையில் இருந்த மற்ற இருவரும், இது எங்களுடைய ‘நாங்கள்’தான் என்று எழுதிக் கொடுத்தால் பட்டம் கொடுக்கிற குழுவில் பேசிப் பார்க்கலாம் என்றாள். நான் தயார். முத்துப்பேச்சியைப் பார்க்கப் போனேன்.

முத்துப்பேச்சி இன்னும் அதே மில்லில்தான் இருக்கிறாள். ஷிப்ட் முடிந்து வந்து, வாசலில் குனிந்து தலையிலிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“வாட்டி கோர்ட்டுக்காரி. யாருக்கு ஜாமீன் வாங்க வந்த?”

விஷயத்தைச் சொன்னேன். ஒரு பக்கத்தைத் தமிழில் சொல்லச் சொன்னாள். சொன்னேன். “‘மிஷின் முன்னால் நாங்கள் மயங்கி விழுவோம். முகத்தில் தண்ணீர் அடித்து மறுபடி நிற்க வைப்பார்கள்.’”

“யாரு விழுந்தா?”

“நாமதான்.”

“நீ விழுந்தியா?”

“இல்ல.”

“சித்ரா?”

முத்துப்பேச்சி மேலுதட்டைத் தூக்கி, முன்பல் இருந்த இடத்தைக் காட்டினாள்.

“விழுந்தது நானு. மிஷின்ல மோதிப் பல்லு போனது எனக்கு. நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல அறுந்த நூல ஒட்டிக்கிட்டு நின்னிய. நிக்காம என்ன செய்ய, சூப்பர்வைசர் கண்ணு முன்னாடில்லா நின்னான். அதக் குத்தஞ் சொல்லல. ஆனா அவளுக்கு நாங்கன்னு எழுத எப்பிடிக் கை வந்துச்சு? உங்க வீட்டுல மாட்டிருக்க போட்டோவுல முப்பத்திரெண்டு பல்லும் தெரியச் சிரிக்கா.”

“செத்தவளப் போய்...”

“செத்தவதான். எனக்கும் அழுக வந்துச்சு, உங்க வீட்டுல வந்து அழுதேம்லா. அதுக்காக எம்பல்ல அவளுக்குக் குடுக்க முடியுமா?”

“உனக்காகத்தாம் எழுதுனா, பேச்சி.”

“எனக்காகன்னா எம்பேரப் போடச் சொல்லு. முத்துப்பேச்சி விழுந்தா, பல்லு போச்சுன்னு. அதுக்குக் கையெழுத்துப் போடுதேன். நாங்கன்னு இருந்தா மாட்டேன்.”

காபி போட்டுக் கொடுத்தாள். நான் பாதி குடித்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது அந்தப் பேராசிரியரின் கேள்வி எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. என் தங்கை அவரை வெளியே நிறுத்தத்தான் அந்தச் சொல்லைப் போட்டாள். உள்ளே யார் என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பெயர் போட முடியாது என்று லின் சொன்னாள். மில்லில் வேலை பார்க்கிறவளுக்கு ஆபத்து வரக் கூடாது என்று விதி. எண்தான். ‘பங்கேற்பாளர் 3.’

அதை முத்துப்பேச்சிக்குப் போன் செய்து சொன்னேன்.

“மூணா? மில்லுல எனக்கு டோக்கன் நூத்திப் பதினாலு. அங்க பிரமோசன் குடுத்துட்டாவன்னு சொல்லு” என்று சிரித்தாள். பிறகு, “என்னமும் போடு. அவ விழுந்தான்னு மட்டும் போட்றாத” என்று வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் லின் திருத்திய வரிகளைப் போனில் வாசித்துக் காட்டினாள்.

“‘பங்கேற்பாளர் 3 இயந்திரத்தின் முன் மயங்கி விழுந்தார். முன்பல்லை இழந்தார். மற்ற இரு பங்கேற்பாளர்களும் வேலையைத் தொடர்ந்தனர்.’”

வாசித்து முடித்ததும் லின், “மன்னித்துக்கொள், கடைசி வாக்கியம் கடுமையாக இருக்கிறது. எடுத்துவிடட்டுமா?” என்றாள்.

என் தங்கை தன் ஆய்வேட்டில் இனி இப்படித்தான் இருப்பாள். நானும் அவள் பக்கத்தில் இப்படித்தான். இரண்டு பேரும் நூல் ஒட்டிக்கொண்டு.

“வேண்டாம்” என்றேன். “அதுதான் நடந்தது. அப்படியே அனுப்பு.”

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். “என்ன சொல்லுதா அந்தப் பிள்ள?”

“டாக்டர்னு போட்டுக்கிடலாமாம்” என்றேன்.

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.