தெருவுக்கு ஒரு நாற்காலி

என் வீட்டுக்காரர் ரத்தினசாமிக்கு மானம் ஜாஸ்தி, வருமானம்தான் கம்மி.

எண்பத்து மூன்றில், ஏழைக் குடும்பங்களுக்குப் பாதி மானியத்தில் தையல் மிஷின் தரப்போவதாக ஆம்பூரில் பேச்சு அடிபட்டது. என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. நான் வாடகை மிஷினில் ஷூவுக்கு மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தேன். கூலியில் பாதியை மிஷின்காரனே பிடுங்கிக்கொள்வான். சொந்த மிஷின் வந்தால் அந்தப் பாதி என் பிள்ளைகள் தட்டில் விழும்.

எது ஏழை வீடு என்று பார்த்து எழுத பிளாக் ஆபீஸிலிருந்து பக்தவச்சலம் என்பவர் வந்தார். எங்கள் தெருவோ, வந்தவரை நிற்க வைத்துப் பேசாத தெரு. ஆனால் நாற்காலி இருந்தது பீடி சுற்றும் அக்தரி பேகம் அக்கா வீட்டில் மட்டும்தான். அவர் புருஷன் இருந்தபோது வாங்கிப்போட்டது. முதல் வீடான அங்கே பக்தவச்சலத்தை உட்கார வைத்து, பூப்போட்ட பீங்கான் கோப்பையில் டீ கொடுத்தார்கள். அவர் வாசல் வழியாக அடுத்த வீட்டுக்கு நடப்பதற்குள், என் வீட்டுக்காரர் நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கமாக அங்கே ஓடினார். கோப்பை அவர் லுங்கி மடியில். அதற்கடுத்த வீட்டுக்கும் அதே ஓட்டம்தான்.

பக்தவச்சலம் ஒவ்வொரு வீட்டிலும் நாற்காலியைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார், “வசதியான வீடுதான்” என்று சொல்லிக்கொண்டே எழுதினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொல்லையில் வீட்டுக்காரரை மடக்கினேன்.

“நம்ம வீட்டுக்கு மட்டும் அத எடுத்துட்டு வராதய்யா. வர்ற மிஷினு வாசலோட போய்டும்.”

“வந்தவர நிக்க வைக்கச் சொல்றியா? நாலு பேர் இன்னா சொல்வாங்க?”

அந்த நாலு பேர் வீட்டிலும் நாற்காலி இல்லை என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை.

கடைசி வீடு எங்களுடையது. பக்கத்து வீட்டில் கை தவறி நாற்காலியில் கொஞ்சம் டீயைச் சிந்திவிட்டு பக்தவச்சலம் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார். அவருக்கு முன்னாலேயே நாற்காலி வந்து காத்திருந்தது. உட்கார்ந்தவர் சட்டென்று எழுந்தார். பேண்ட்டின் பின்பக்கத்தைத் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

“இதுல டீ யார் கொட்டினது?”

மானமாவது மண்ணாவது என்று நானே சொன்னேன்.

“நீங்கதான் சார். பக்கத்து வீட்ல.”

அவர் நாற்காலியைப் பார்த்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு முதல் வீட்டுக்கே திரும்பப் போனார். இந்த முறை எல்லா வீட்டிலும் நின்றுகொண்டே எழுதினார்.

தை மாதம் எனக்கு மிஷின் வந்தது. உட்கார்ந்து தைக்க அக்தரி அக்கா தன் நாற்காலியைக் கொடுத்தார். கொஞ்ச நாள் கழித்து, மிஷின் ஓடுகிறதா என்று பார்க்க பக்தவச்சலமே வந்து நின்றார். வீட்டுக்காரர் பதறிப்போய், எழுந்திரு என்று கண்ணாலேயே என்னை மிரட்டினார்.

“நீங்க தைங்கம்மா. நான் நின்னுக்கிறேன்” என்றார் பக்தவச்சலம்.

நான் எழுந்திருக்கவில்லை.