சிரிக்காதவர்களின் சிரிப்பு

அந்த ரயில் நிலையத்தில் வண்டி தாமதம் என்று அறிவிக்கும்போது ஒலிபெருக்கியில் சிரிப்புச் சத்தமும் சேர்ந்து கேட்டதற்கு, அறிவிப்பு சொல்கிறவளின் கணவர் நடத்திய இணையப் பக்கம்தான் காரணம். போகப்போக ஊரில் எல்லோருக்கும் இது தெரிந்துபோயிற்று, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் வருஷம் அப்படி இல்லை. சரக்கு வண்டி ஒன்று வழியில் நின்றுபோய், பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் முடங்கிக் கிடந்த ஒரு காலையில், "பயணிகளின் கவனத்திற்கு" என்று ஆரம்பித்தவள், "தாமதமாக" என்ற சொல்லுக்கு வந்ததும் ஒரு கிழவனின் சிரிப்பைச் சிரித்தாள். நெஞ்சில் சளி கட்டிய, இருமலில் போய் முடிகிற சிரிப்பு. "சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்று முடிப்பதற்குள் பள்ளிக்கூடப் பெண்கள் இரண்டு பேர் அவளுடைய வாய்வழியே கிளுகிளுத்துவிட்டுப் போனார்கள். பயணிகள் வந்து அறிவிப்பு அறையின் கண்ணாடியைத் தட்டினார்கள். "ஏம்மா, நாங்க இங்க கால்கடுக்க நிக்கிறோம், உனக்கு நக்கலா இருக்கா?" என்றார் ஒருவர். அவள் கைகூப்பினாள், கூப்பிய கையோடு மறுபடியும் சிரித்தாள்.

அவள் சிரிக்கிற சுபாவம் உள்ளவளே அல்ல. கல்யாணப் படத்தில்கூட வரிசையில் நிற்கிறவளைப் போலத்தான் நிற்கிறாள். தொண்டை மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆவி பிடியுங்கள் என்றார். அவளும் ஒரு மாதம் ஆவி பிடித்தாள், ஆவிக்குள்ளிருந்தும் சிரித்தாள். கடைசியில் விஷயத்தைக் கண்டுபிடித்தவர் நிலையத்தின் சிக்னல்காரர். அவர் ஒருநாள் தேநீர் குடித்தபடி செல்போனைத் தள்ளிக்கொண்டிருந்தார். நகைச்சுவைப் படம் ஒன்றுக்கு, முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல், கீழே இருந்த சிரிப்பு முகத்தை அமுக்கினார். அதே நொடியில் அவருடைய சிரிப்பு, ஊரறிந்த அந்தக் கொர்கொர் சிரிப்பு, ஒலிபெருக்கியில் கேட்டது. அவர் திடுக்கிட்டு இன்னொரு படத்துக்கு அமுக்கினார், இன்னொரு கொர்கொர். மூன்றாவது படம் உண்மையிலேயே நன்றாக இருந்ததால் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு அமுக்கினார். இந்தத் தடவை ஒலிபெருக்கி கம்மென்று இருந்தது. இப்படித்தான் தெரிய வந்தது. சிரிக்காமலே சிரிப்பு முகத்தை அமுக்குகிறவர்களுடைய சிரிப்பு எங்கேயாவது போய் வெளிவரத்தானே வேண்டும், அது அந்தப் பக்கத்தை நடத்துகிறவரின் வீட்டுக்காரி வாயில் வெளிவந்தது. மூன்று படங்களும் 'எகத்தாளம்' என்ற பக்கத்தில் வந்தவை.

எகத்தாளத்தை அவளுடைய கணவர் ஒற்றை ஆளாக நடத்தினார். அவருக்குக் குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்குகிற மேசை. காலையிலிருந்து சாயங்காலம் வரை தொலைபேசியில் ஜனங்கள் அவரைத் திட்டுவார்கள், அவர் "பதிவு செஞ்சுட்டேங்க, பதிவு செஞ்சுட்டேங்க" என்பார். குழாயைத் திறக்கிற அதிகாரமும் அவருக்கு இல்லை, மூடுகிற அதிகாரமும் இல்லை. இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டதையெல்லாம் எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டுமல்லவா, அதற்குத்தான் பக்கம். காலையில் ஒரு செய்தித் துண்டும் அதற்குக் கீழே ஒரு வரி நையாண்டியும், மத்தியானம் ஒரு படம், சாயங்காலம் ஒரு பாட்டும் அந்தப் பாட்டைப் பற்றி நாலு வார்த்தையும். பாட்டுக்கு விழுகிற இதயங்களால் அவளுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. பாட்டைக் கேட்கிறவர்கள் கேட்டு, உருகி, அதற்கப்புறம்தான் அமுக்கினார்கள் போலிருக்கிறது, மிச்சம் விழவில்லை. செய்திக்கு வருகிற கோப முகங்களும் அப்படியே. ஜனங்கள் கோபத்தில் மட்டும் பாக்கி வைப்பதில்லை. சிரிப்பில்தான் அத்தனை ஏமாற்று வேலையும்.

விஷயம் தெரிந்த அன்றே கணவர் பக்கத்தை மூடிவிடுகிறேன் என்றார். அவள்தான் வேண்டாம் என்றாள். மூட உட்கார்ந்தபோது அவர் முகத்தைப் பார்த்தாள், பல் பிடுங்கப் போகிறவர் மாதிரி இருந்தது. "விடுங்க. உங்களுக்கு இருக்கிறது இது ஒண்ணு. நான் சிரிச்சுட்டுப் போறேன்" என்றாள். நிலைய அதிகாரி கூப்பிட்டு எச்சரித்த பிறகு இருவரும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். வாரம் முழுவதுக்குமான கேலிகளை அவர் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவார். பக்கத்திலேயே நேரம் குறித்துப் போட வசதி இருந்தது, குறித்த நேரத்தில் அதுவே வெளியே போய்விடும். அவள் வேலையில் இருக்கும் நேரத்துக்குப் பாட்டும் செய்தியும். படங்கள், நையாண்டிகள் எல்லாம் அவளுடைய வார விடுமுறை நாளுக்கு. அந்த நாளில் வீட்டின் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு, துணி மடித்தபடி, காய் நறுக்கியபடி, ஊர்பேர் தெரியாதவர்களின் சிரிப்பையெல்லாம் அவள் சிரித்துத் தீர்ப்பாள். சாயங்காலம் விலா எலும்பு வலிக்கும். கணவர் தைலம் தேய்த்துவிடுவார். இப்படியே ஆறு வருஷம் ஓடிற்று. பழைய சிரிப்புகளில் சில ஒட்டிக்கொண்டிருந்து எப்போதாவது வேலையிலும் வெளியே வரும், பயணிகளும் பழகிவிட்டார்கள். அவளுக்குத்தான் அலுத்துப் போயிற்று. தன்னுடைய சொந்தச் சிரிப்பு எப்படியிருக்கும் என்பது அவளுக்கு மறந்துவிட்டது, அதற்காக வருத்தப்படவும் தெம்பில்லை.

ஏழாவது வருஷம் அவளுடைய அப்பா இறந்துபோனார். பள்ளி வேன் ஓட்டியவர், அவளையும் தம்பியையும் தாயில்லாமல் வளர்த்தவர், கறுப்புக் கண்ணாடி போடாமல் வாசலுக்குக்கூட வரமாட்டார். இறந்தது அவளுடைய விடுமுறை நாளின் விடியற்காலை. தம்பி பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலையில் இருந்தவன், அப்பா அவனோடுதான் இருந்தார். செய்தி வந்ததும் அவளும் கணவரும் போட்டது போட்டபடி ஓடினார்கள், கணவரின் செல்போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. நேரம் குறித்து வைத்ததெல்லாம் அவருக்கு எப்படி ஞாபகம் வரும்? அவருக்கும் மாமனார் என்றால் உயிர்.

அன்று காலை பத்து மணிக்குப் போன படம்தான் எகத்தாளத்தின் வரலாற்றிலேயே பெரியது. புதுப் பாலத்தைத் திறந்துவைத்த பிரமுகர், பாலத்தின் மேல் போகாமல் படகு பிடித்து அக்கரைக்குத் திரும்பிப் போகிறார். கீழே கணவர் எழுதியிருந்தது ஒரே வார்த்தை, "அனுபவஸ்தர்." அது காட்டுத்தீயாய்ப் பரவியது.

கூடத்தில் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு முதலில் மூக்கில் ஒரு கமறல். துண்டை எடுத்து வாயில் வைத்தாள். அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்து யாரோ தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். பிறகு அவள் சிரித்தாள். குண்டு ஆட்களின் சிரிப்பு, பொக்கை வாய்க்காரர்களின் சிரிப்பு, வேலைக்கு இடையில் மேலதிகாரிக்குத் தெரியாமல் அமுக்கியவர்களின் மூக்குச் சிரிப்பு, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு வந்தன. வாடகை நாற்காலிகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். கணவருக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயோ!" என்று தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். அவர் போய் அழிப்பதற்குள் அந்தப் படம் நூறு பக்கங்களுக்குத் தாவியிருந்தது. தம்பி வந்து அவளுக்கு எதிரில் நின்றான்.

"அப்பா மூஞ்சியப் பாத்துச் சிரிக்கிறியேக்கா. எந்திரி. போ."

"டேய், நான் இல்லடா" என்று சொல்ல வாயைத் திறந்தாள், ஒரு கூட்டமே சிரித்தது. தெருவில் நின்றிருந்த யாருடைய காரிலோ ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்ளே குனிந்து உட்கார்ந்துகொண்டாள். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனபோது அவளுக்குத் தெரிந்தது தூக்கியவர்களின் கால்கள் மட்டும்தான்.

கணவர் பக்கத்தை நிறுத்தினார். வாசகர்கள் என்னாச்சு, எங்கே போனீர் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்தார்கள். வீடு அமைதியானது, அந்த அமைதியால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவர் அலுவலகத்தில் வாங்கிய திட்டுகளை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்து வெறித்தார். நிலையத்தில், "என்னம்மா, லேட்டுன்னு சொல்றப்ப ஒரு சிரிப்புகூட இல்ல, உடம்பு சரியில்லையா?" என்று பயணிகள் விசாரித்தார்கள். ஊரே நம்பியதைத் தம்பி நம்பவில்லை, அவள் எவ்வளவு விளக்கி எழுதியும் பதில் போடவில்லை. இந்த மாதிரிக் கதைகளை உங்கள் பக்கத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒருதடவை மட்டும் எழுதினான். அதைவிட மோசம், அவளுக்கு அழுகை வரவில்லை. அப்பாவின் வேன் சத்தத்தை நினைத்துப் பார்த்தாள், கண்ணாடி இல்லாத அவருடைய முகத்தை நினைத்துப் பார்த்தாள், வெங்காயம்கூட நறுக்கிப் பார்த்தாள். கண் காய்ந்தே கிடந்தது.

ஏழெட்டு மாதம் கழித்துத் தம்பியிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது, குடும்பத்தோடு போகிறான், வீட்டையும் காலி செய்கிறான். "அப்பா சாமான் கொஞ்சம் இருக்கு. ஞாயித்துக்கெழம கொண்டாந்து வாசல்ல குடுத்துட்டுப் போயிடுறேன்." இப்படியே போனால் அவன் போனவன்தான், இனி பார்க்கக் கிடைக்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

"அவன் வந்து நிப்பான். நான் மரம் மாதிரி நிக்கப் போறேன்" என்றாள் கணவரிடம். "ஒரு சொட்டு வந்தாப் போதும். வரமாட்டேங்குதே."

அவர் ஞாயிற்றுக்கிழமை தம்பியின் வண்டிச் சத்தம் கேட்டதும் செல்போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். மாமனார் வேனில் சாய்ந்து நிற்கிற படம் ஒன்றை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார். அதன் கீழே எழுதியிருந்ததில் நையாண்டி ஒரு சொட்டு இல்லை. "இவர் என் மாமனார். பள்ளி வேன் ஓட்டியவர். ஒரு குழந்தையையும் ஒருநாளும் தாமதமாகக் கொண்டுபோய் விட்டதில்லை. இவர் போன அன்றைக்கு இந்தப் பக்கம் சிரித்துக்கொண்டிருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள்." அழைப்புமணி அடித்ததும் அவர் பதிவை அனுப்பினார்.

அவள் கதவைத் திறந்தாள். தம்பி பையை நீட்டினான், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பையின் வாய்வழியே கறுப்புக் கண்ணாடியின் காம்பு நீட்டிக்கொண்டிருந்தது. "உள்ள வாடா" என்று அவள் சொல்வதற்குள் முதல் கண்ணீர் வந்துவிட்டது. பின்னாலேயே மற்றவையும் வந்தன. பேருந்தில் தொங்கிக்கொண்டு ஒற்றை விரலால் அழுகை முகத்தை அமுக்கியவர்களின் கண்ணீர், சாப்பிட்டுக்கொண்டே அமுக்கியவர்களின் கண்ணீர், அப்பா இருக்கிறவர்கள், இல்லாதவர்கள், அப்பாவோடு பேச்சுவார்த்தை அற்றவர்கள் எல்லோருடையதும். கன்னத்தில் வழிந்து, சட்டை நனைந்து, தரையில் ஓடி, தம்பியின் செருப்பைத் தொட்டது. அவன் பயந்து நிமிர்ந்து பார்த்தான். பார்த்தவன் அப்படியே உடைந்துபோனான்.

"அக்கா. அக்கா, போதும்க்கா. இவ்வளவையும் எங்கக்கா வச்சிருந்த?"

அது தன்னுடையது இல்லை என்று சொல்ல நினைத்தாள், அவன் தலையை அவள் தோளில் வைத்துவிட்டான், விட்டுவிட்டாள். கூடத்தில் தண்ணீர் கணுக்காலுக்கு ஏறிற்று. கீழ்வீட்டுக்காரர் கூரை ஒழுகுகிறது என்று குடிநீர் அலுவலகத்துக்குப் போன் செய்து பார்த்தார், விடுமுறை. மறுநாள் காலை முதல் புகாராக அதைக் கணவரே வாங்கி, "பதிவு செஞ்சுட்டேங்க" என்றார். அக்காவும் தம்பியும் கட்டில்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை அப்பாவைப் பற்றிப் பேசினார்கள். போகும்போது, வாரா வாரம் கூப்பிடுகிறேன் என்றான். இன்றுவரை கூப்பிடுகிறான், அதில் ஒரு குறையும் இல்லை.

அவன் போன பிறகு அவளும் கணவரும் வாளியும் துணியுமாக உட்கார்ந்து கூடத்தைத் துடைத்தார்கள். அவளுக்குக் கண் சிவந்து வீங்கியிருந்தது, ஆனால் மனசு வழக்கம்போலக் கல்லாகத்தான் இருந்தது.

"நீங்கதான?" என்றாள்.

"ம்."

"எத்தன பேரு?"

"நெறயப் பேரு. இன்னும் வருது."

"அவங்கல்லாம் அழுதாங்களா?"

"அழுதிருந்தா உனக்கு வந்திருக்காதே" என்றார் அவர் துணியைப் பிழிந்தபடி.

அவள் யோசித்தாள். அப்படியானால் தம்பியைச் சமாதானப்படுத்திய கண்ணீரில் அவளுடையது ஒன்றுகூட இல்லை. அவ்வளவு பெரிய கூட்டத்தில் அப்பாவுக்காக அமுக்காமல் விட்டது அவள் ஒருத்திதான். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு தன் செல்போனை எடுத்தாள். இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கத்தை அவள் திறந்ததே இல்லை, தேடிக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வேனில் சாய்ந்து நின்றிருந்த அப்பாவைப் பார்த்தாள். அழுகை முகத்தை அமுக்கினாள். சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இடது கண்ணில் ஒரு சொட்டு எழும்பி, மற்றவை போன வழியிலேயே மெதுவாக இறங்கியது.

"வந்துருச்சு" என்றாள்.

கணவர் வாளியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.