துடுப்பு நட்ட மேடு

கீழ்க்கடலில் எழுந்த கதிரவன் ஒலிவத் தோப்புகளின் வெளிறிய இலைகளைப் புரட்டிப் புரட்டி ஒளியேற்ற, கழுத்துமணி குலுங்க ஆடுகள் குன்றேறிச் செல்ல, முற்றந்தோறும் பெண்கள் கொடிமுந்திரிக் குலைகளைத் தொட்டியிலிட்டு மிதித்துப் பாடிக்கொண்டிருந்த அந்த இனிய காலை வேளையில், எங்கள் தீவின் வடமுனையில் ஒரு மண்மேட்டின் முன்னே நரைத்த ஆள் ஒருவர் நின்றிருந்தார். மேட்டின் உச்சியில் ஒரு துடுப்பு நட்டிருந்தது. கடலில் மாண்டு உடலும் கிடைக்காமற் போனவனுக்கு நாங்கள் செய்யும் இறுதிச் சிறப்பு அதுதான்.

பெரிலாவன் என்பது அவர் பெயர். பத்தாண்டு போரிலும் பன்னிரண்டாண்டு அலைச்சலிலும் இளமையைத் தொலைத்துவிட்டு, அன்று விடியலில்தான் வணிகர் கப்பல் ஒன்றிலிருந்து இறங்கியிருந்தார். மாண்டவனை வெறுங்கையோடு கடந்து செல்லலாகாது என்று தோல்பையில் எஞ்சியிருந்த தேறலையெல்லாம் மேட்டின்மேல் வார்த்துவிட்டு நிமிர்ந்தவர், துடுப்பின் பிடியில் செதுக்கியிருந்த மீனைக் கண்டார். மணமான புதிதில் தம் கையாலேயே செதுக்கிய மீன் அது! தமக்குத் தாமே நீத்தார்கடன் செய்த ஆள் உலகில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார்.

பிறகு பழகிய பாதையிலே நடந்து தம் வீட்டு வாயிலுக்கு வந்தார். முழங்கால்வரை கொடிமுந்திரிச் சாறு படிந்த இளைஞன் ஒருவன் ஓடிவந்து வரவேற்றான். அவன் கல்லியன், அவருடைய ஒரே மகன்.

"வாங்கய்யா, உள்ள வாங்க. மொதல்ல சாப்பாடு. பேரு, ஊரெல்லாம் அப்புறம் கேட்டுக்குறோம்."

"நான் இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது, தம்பி. வடமுனையில எனக்கு மேடு போட்டுட்டீங்களே. துடுப்புல மீனு செதுக்குனது நான்தான்."

கல்லியன் உள்ளே திரும்பி அம்மாவைக் கூவி அழைத்தான். உள்ளேயிருந்து வந்த அவன் தாய் பிலின்னை, கூடையை நழுவவிட்டு ஓடிவந்து, மூன்றடி தள்ளி நின்றுவிட்டாள். நீத்தார்கடன் முடிந்தவரைத் தொடலாகாது என்பது எங்கள் முறை.

"போறப்ப தலை நெறைய முடி இருந்துச்சே!" என்றாள், கண்ணீரும் சிரிப்புமாய்.

மேடு எழுப்பப்பட்டவர் திரும்பி வந்தால், புதிதாய்ப் பிறந்தால்தான் வீட்டினுள் நுழைய முடியும். பிறந்த குழந்தையைப்போல அவரைப் பெண்கள் குளிப்பாட்டித் துணியில் சுற்றித் தர, அவருடைய தந்தை ஏந்திக் கூடத்து அடுப்பை மும்முறை வலம்வந்து பெயரிடவேண்டும். பெரிலாவனின் தந்தை மறைந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. இப்போது அவ்வீட்டின் தலைவன் கல்லியன். அவன் தூக்கினால்தான் உண்டு.

"ஏழு வயசுலேருந்து தினமும் துறைமுகத்துல போயி நின்னேன். 'உங்கப்பன் மீனு வயித்துல இருக்கான், தூண்டில் போட்டுப் பாருடா'ன்னு சிரிச்சானுங்க. போன வருசந்தான் என் தலைமுடிய வெட்டி வெச்சு மேடு போட்டேன். ஒரு வருசம் முன்னாடி வர முடியலையா உங்களுக்கு?" என்று வெடித்தான் கல்லியன்.

"முடியலப்பா. உனக்கு மனசில்லன்னா சொல்லிடு. அந்தக் கப்பல் உச்சிப்பொழுதுல கெளம்புது. நான் போயிடுறேன்."

கல்லியன் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டான். பிலின்னை விம்மினாள்; பெரிலாவன் துறைமுகத்தின் பக்கம் திரும்பினார். அப்போது கொல்லையிலிருந்து மகனின் குரல் கேட்டது.

"அம்மா! அந்தப் பெரிய தொட்டிய எங்க வெச்ச? தண்ணி காய வேணாமா?"

அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிச் சிரித்துக் கேலிபேசி அவரைக் குளிப்பாட்டினர். அவ்வளவு பெரிய குழந்தைக்குத் துணி ஏது? படகின் பழைய பாய்மரத் துணியைக் கிழித்துச் சுற்றினர். காலை ஊன்றிக்கொண்டு தூக்கிய கல்லியன் திடுக்கிட்டான். அவர் ஓர் ஆட்டுக்கிடாயின் எடைகூட இல்லை. அந்த எடையின்மை அவன் சினத்தையெல்லாம் கரைத்துவிட்டது.

"உன்னத் தூக்கிட்டு இதே அடுப்பச் சுத்துனேன்," என்றார் அவர். "வீல் வீல்னு கத்துன. மறுநாளே கப்பலேறிட்டேன். அந்தச் சத்தந்தான் இத்தன வருசமும் காதுல இருந்துச்சு."

"நீங்களும் கத்துங்க. பொறந்த புள்ள கத்தணும்ல?"

அவர் கத்தவில்லை; மகனின் கழுத்தில் முகம் புதைத்துத் தேம்பினார். மூன்றாம் சுற்று முடிந்ததும் பிலின்னை கேட்டாள்: "புள்ளைக்கு என்ன பேருடா வைக்கப்போற?"

"பெரிலாவன்," என்றான் கல்லியன். பின் அவர் காதருகே குனிந்தான். "எனக்கு மூத்தது ஆணாப் பொறந்தா வைக்கலாம்னு எடுத்து வெச்சிருந்த பேரு. நீங்களே வெச்சுக்கங்க."

அன்று மாலையே தந்தையும் மகனும் துடுப்பைப் பிடுங்கிவந்து படகில் பூட்டினர். மேடு இன்றும் அங்கே புல் முளைத்துக் கிடக்கிறது. அதனுள் எவரும் இல்லை. ஒரு தந்தையும் மகனும் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டிய இருபத்திரண்டு ஆண்டுகள்தாம் இருக்கின்றன. அவற்றைத் தூக்கிவந்து அடுப்பை வலம்வரச் செய்து பெயரிடுவதற்கு, எங்கள் தீவில் முறை ஏதும் இல்லை.