கத்தரினாவின் பத்தாவது வெற்றி

கணக்கில் கத்தரினாவை மடக்க ஆளில்லை என்பது கற்பிட்டியில் கருவாடு போடும் வாடிகள் எல்லாம் அறிந்த கதை. டிவியில் நடக்கும் ‘சொல்லும் எண்ணும்’ போட்டிக்குப் போய், எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் சொல்லாக்கி, எண்களைக் கொட்டினால் கூட்டிக் கழித்து, வரிசையாக ஒன்பது கிழமை வென்றுவிட்டாள். பழைய சாதனையும் ஒன்பதுதான். இன்னும் ஒருதரம் வென்றால் சாதனை அவள் பெயருக்கு வந்துவிடும். மச்சாள் லக்சனாவோ, டிவிக்காரர் இவளுக்கென்று லேசான கேள்வியாகப் பார்த்து வைக்கிறார்கள் என்று ஊரெல்லாம் கதைத்துத் திரிந்தாள். அந்த வாயை அடைக்காமல் கத்தரினாவுக்குச் சோறு இறங்காது. தலவில தேவாலயத்து அன்னம்மாவுக்கு மெழுகுதிரி நேர்ந்துவிட்டுக் கொழும்புக்கு பஸ் ஏறினாள்.

அங்கே போட்டிக்கு வந்து நின்றவன் பக்கத்து ஊர் எத்தாளை நளீர். அவன் வாப்பாவும் கருவாட்டு வியாபாரிதான். இத்தனை பெரிய நாட்டில் இவன்தானா டிவிக்காரருக்குக் கிடைத்தான் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. பெடியன் லேசுப்பட்டவனும் இல்லை. முடிவில் இரண்டு பேருக்கும் ஒரே புள்ளி. தீர்ப்புக்கு ஒரு கேள்வி கேட்பார்கள். முதலில் மணி அடித்தவர் சொல்லலாம், பிழை விட்டால் மற்றவருக்குப் போகும்.

“நூற்று இருபத்தொன்றை எட்டால் வகுத்தால் மீதி எவ்வளவு?”

கத்தரினா எந்தக் கணக்கையும் மீனாக்கித்தான் போடுவாள். கட்டாக் கருவாட்டைப் பெட்டிக்கு எட்டாக மனசுக்குள் மளமளவென்று அடுக்கினாள். மிஞ்சினதைக் கையில் எடுத்து எண்ணினாள். மணியை அடித்தாள்.

“லாபம்,” என்றாள்.

வாடியில் எண்ணத் தொடங்கும்போது ‘ஒன்று’ என்று வாயெடுக்க மாட்டார்கள். எடுத்தால் சரக்கு ஒன்றோடு நின்றுவிடுமாம். லாபம், இரண்டு, மூன்று என்றுதான் எண்ணுவார்கள். அறிவிப்பாளர், பாவம், கொழும்புப் பிள்ளை. பிழை என்று சொல்லி நளீர் பக்கம் திரும்பினார். கத்தரினாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. லக்சனா சிரிப்பது அங்கேயே கேட்பதுபோல் இருந்தது.

நளீர் அவளை ஒருதரம் பார்த்தான். பிறகு மைக்கைப் பார்த்தான்.

“பரக்கத்,” என்றான்.

அவன் வாப்பாவின் வாடியில், சரக்குப் பெருகட்டும் என்று, ஒன்றுக்குச் சொல்வது அதுதான். நடுவர்கள் கூடிக் குசுகுசுத்தார்கள். இரண்டுமே எண் இல்லை, ஆகவே இரண்டும் பிழை. புள்ளி சமமானால் பட்டம் ஏற்கெனவே வைத்திருப்பவருக்கே என்பது விதி. பத்தாவது வெற்றி! பிழையான பதிலைச் சொல்லிச் சாதனை படைத்தவள் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று கத்தரினாவுக்கு வெட்கமாகவும் கிடந்தது, சிரிப்பாகவும் கிடந்தது.

வெளியே தேத்தண்ணிக் கடையில் நளீரைப் பிடித்துக்கொண்டாள். வாய் தவறினதா, பாவம் பார்த்து விட்டுக்கொடுத்ததா, பிச்சையாக வந்த சாதனை எனக்கு வேண்டாம் தம்பி என்று பொரிந்து தள்ளினாள்.

நளீர் தேத்தண்ணியை ஊதிக் குடித்தான்.

“பிச்சையெல்லாம் இல்லக்கா. வாப்பா டிவிக்கு முன்னாலதான் குந்திக்கிட்டு இருக்காரு. நீங்களே லாபம் எண்டு சொன்ன பொறகு நான் ஒண்டு எண்டு சொன்னா, என்னைய ஊட்டுக்குள்ள எடுப்பாரா?”