பொக்கை வாய் தேவை

1

இந்தக் கதை நான் கொட்டாவி விட்டதில் பிறந்தது. இதைவிடக் கௌரவமான பிறப்பு ஒன்றைச் சொல்லலாமா என்று யோசித்துப் பார்த்தேன். மற்ற எழுத்தாளர்களுக்கு ரயிலில் கண்ட முகம், மழையில் கேட்ட குரல் என்று ஏதாவது கிடைக்கிறது. எனக்குக் கிடைத்தது கொட்டாவிதான். ஈஜிபுராவில் நான் குடியிருக்கும் வீட்டு மாடிப்படியில், தண்ணீர் லாரிக்காகக் காத்துக்கொண்டிருந்தபோது விட்டது. மேல் வீட்டிலிருந்து இறங்கி வந்த பெண் அப்படியே நின்றுவிட்டாள்.

“அங்கிள், இன்னொரு தடவ வாயத் தெறங்களேன்.”

பீன்யா தொழிற்பேட்டையில் காலமெல்லாம் லேத் ஓட்டி ஓய்ந்தவன் நான். என்னை யாரும் இவ்வளவு ஆவலோடு பார்த்ததில்லை. திறந்தேன்.

2

தொடக்கம் சரியாக அமையவில்லை. எழுதி எழுதி அடித்தவற்றில் இரண்டை விட்டுவைத்திருக்கிறேன்.

‘கனவுகளைச் சுமந்தபடி மலேசியாவின் கிள்ளான் நகரிலிருந்து கடல் கடந்து வந்த லீ…’

[கனவுகளைச் சுமந்து வந்ததாக அந்த மேல் வீட்டுப் பெண் லீனா சொல்லவில்லை. சுமந்து வந்தது ஒரு ரைஸ் குக்கர். அது இன்னும் ஓடுகிறது.]

‘அந்நிய நகரத்தின் தனிமை அவளை வாட்டி…’

[வாடுவதற்கு அவளிடம் நேரம் இல்லை. தண்ணீர் நிற்பதற்குள் குளித்து, குக்கரில் சோற்றோடு முட்டையையும் வேகவைத்து, பஸ்ஸில் நின்றுகொண்டே கன்னடம் படிப்பாள். சில்லறைக்காகக் கண்டக்டரிடம் சண்டை போடும் அளவுக்கு அந்தப் பாஷை வந்துவிட்டது. என்னைப் பார்த்தால் மட்டும் ‘பசியாறியாச்சா அங்கிள்?’ என்பாள். சாப்பிட்டாச்சா என்று சும்மா விசாரிக்கும் அவர்கள் ஊர்த் தமிழ். முதல் தடவை கேட்டபோது சோறு போடப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.]

ஆகவே நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். லீனா பல் மருத்துவம் படிக்கிறாள், கடைசி வருஷம்.

3

அந்தக் கல்லூரிகளில் ஒரு வழக்கம் உண்டு. கடைசிப் பரீட்சையில் முழுப் பல்செட் செய்து காட்ட வேண்டும். நாற்காலி, அளவெடுக்கும் மாவு, மெழுகு எல்லாம் கல்லூரி தரும். வாயை மட்டும் மாணவர்தான் கொண்டுவர வேண்டும்! ஒரு பல்கூட இல்லாத, பரீட்சை நாளில் தவறாமல் வந்து மணிக்கணக்காகப் பொறுமையாகத் திறந்து வைத்திருக்கக்கூடிய வாய். இதற்கு ‘கேஸ்’ என்று பெயர். கேஸ் வராவிட்டால் ஃபெயில். நல்ல கேஸ் கிடைத்தவர்கள் அதன் நம்பரைப் போனில் ‘பிளம்பர்’ என்றோ ‘கேஸ் சிலிண்டர்’ என்றோ பதிந்து வைப்பார்களாம். இல்லாவிட்டால் நண்பனே தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

லீனாவுக்கு ஒரு கேஸ் இருந்தது. நீலசந்திராவில் இருக்கும் டோரீன் ஆன்ட்டி. கோலார் தங்கவயல்காரர், என் சொந்த ஊருக்குப் பக்கம். அளவெடுக்க ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர் திடீரென்று போனை எடுக்கவில்லை. லீனா தேடிப் போனபோது கதவைத் திறந்து, வாய் நிறையச் சிரித்தார். வாய் நிறைய என்றால் நிஜமாகவே நிறைய.

“மருமவன் துபாய்லருந்து வந்தாரு கண்ணு. ஒரே பிடிவாதம். ஸ்க்ரூ வெச்சிப் பல்லக் கட்டிட்டாரு. கழட்டவே முடியாதாம். ஸாரி கண்ணு, கேக் சாப்பிடறியா?”

லீனா கேக்கைச் சாப்பிட்டாள். பல்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, நன்றாகக் கட்டியிருக்கிறார்கள் என்றும் சொன்னாள். பஸ் ஸ்டாப்புக்கு வந்த பிறகுதான் அழுதாளாம்.

[முதல் பிரதியில், டோரீனைத் திருடிக்கொண்டு போனவனாக ரித்விக் என்ற சக மாணவனைப் படைத்திருந்தேன். வில்லன் இருந்தால் கதை ஓடும். ‘ரித்விக் எனக்கு கிளவுஸ் குடுக்கிறவன் அங்கிள், அவனையா திட்டுறீங்க?’ என்று கேட்டுவிட்டாள். நீக்கிவிட்டேன். கதை கொஞ்சம் மெதுவாகத்தான் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.]

ஃபெயில் ஆனால் இன்னும் ஆறு மாதம் இங்கேயே இருக்க வேண்டும். விசாவை நீட்டிக்க வேண்டும். அதைவிட, அக்கா படிப்பை முடித்துத் திரும்பினால்தான் தங்கையைக் கல்லூரியில் சேர்க்க முடியும் என்று கிள்ளானில் கன்டெய்னர் லாரி ஓட்டும் அப்பா சொல்லிவைத்திருக்கிறார். தங்கை ஏற்கெனவே ஒரு வருஷம் காத்திருந்துவிட்டாள்.

4

மாடிப்படிக்கு வருவோம். லீனா போன் வெளிச்சத்தை என் வாய்க்குள் அடித்தாள். மேலே ஒன்றும் இல்லை. கீழே, இடது ஓரத்தில், என் கடைசிப் பல். விரலால் ஆட்டிப் பார்த்தாள். அவள் முகம் தொங்கிவிட்டது.

“கல்லு மாதிரி நிக்கிது லா” என்றாள், அவர்கள் ஊர் ‘லா’வோடு.

விஷயத்தைக் கேட்டுக்கொண்டேன். எனக்குள் ஒரு கதாநாயகன் எழுந்துவிட்டான்.

“அவ்ளோதானே? புடுங்கிடும்மா. ஒத்தப் பல்ல வெச்சிக்கினு நான் இன்னா கரும்பா கடிக்கப் போறேன்?”

“ஏன் புடுங்கணும்?”

“உன் எக்ஸாமுக்குத்தான்.”

“அங்கிள், அது நல்ல பல்லு. அது இருக்கிற வரைக்கும் அந்தப் பக்கத்து எலும்பு கரையாது. பின்னாடி பல்செட்டு வெச்சாலும் அதுதான் பிடிச்சு நிக்கும். நல்ல பல்ல என் மார்க்குக்காகப் புடுங்கினா நான் என்னா டாக்டர்?”

“நானே சொல்றேனே…”

“நீங்க சொன்னாலும் மாட்டேன்.”

விடுவிடுவென்று பஸ் பிடிக்கப் போய்விட்டாள்.

5

எழுத்தாளன் சும்மா இருப்பானா? முடிவு ஒன்றை எழுதினேன். பெரியவர் ஒருவர் (நான்தான்) யாருக்கும் சொல்லாமல் வேறு டாக்டரிடம் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்கிறார். ஈறு ஆறியதும் பரீட்சை ஹாலில் போய் நின்று வாயைத் திறக்கிறார். அவள் விம்முகிறாள். பரீட்சை அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். எழுதும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது.

லீனா கிள்ளானில் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். கையில் பேனாவோடு வாசித்தாள்.

“இதில நான் எங்க இருக்கேன் அங்கிள்? எல்லாப் பக்கத்திலயும் நீங்கதான் இருக்கீங்க.”

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பிறகு எடுத்துப் படித்தேன். அவள் சொன்னதுதான் உண்மை. அந்தப் பெண் அழுவதற்காக மட்டுமே அதில் இருந்தாள். கிழித்துப் போட்டேன்.

இரண்டாவது முடிவு: டோரீன் ஆன்ட்டியின் ஸ்க்ரூ கழன்று… [வேண்டாம். நல்ல மனுஷி.]

மூன்றாவது முடிவு: லீனா ஃபெயில் ஆகி, விமான நிலையத்தில்… [இதை எழுத எனக்கு மனசு வரவில்லை. அவளே விட்டுக்கொடுக்காதபோது நான் யார் விட்டுக்கொடுக்க?]

6

நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை லீனா என்ன செய்தாள் என்பதைச் சொல்கிறேன். வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு ஈஜிபுராவில் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டினாள். ‘ஹல்லு இல்லதவரு யாராதரூ இதாரா?’ பல்லில்லாதவர் யாராவது இருக்கிறார்களா? தமிழ் வீடென்றால் தமிழில் கேட்டாள். ஒரு வீட்டில் ஓட்டுக் கேட்க வந்தவள் என்று நினைத்து, ரோடு போடாததற்குத் திட்டினார்கள். இன்னொரு வீட்டில் ஒருவர் பல்செட்டைக் கழற்றிக் காட்டி, எனக்கு இருக்கிறதே என்று பெருமைப்பட்டார். சந்து முனையில் அவளைப் பார்த்தபோது முகமெல்லாம் வியர்வை.

“போதும்மா, வா வீட்டுக்கு.”

“இந்தச் சந்து முடியல அங்கிள். அதுக்கப்புறம் நீலசந்திரா.”

நான் கூட வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், கதையை முடியுங்கள் என்றாள்.

7

முடிக்க முடியவில்லை. நீலசந்திராவிலும் அவளுக்கு யாரும் கிடைக்கவில்லை. வருகிற புதன்கிழமை பரீட்சை. கற்பனையில் ஒரு வாயை உண்டாக்கி அந்த நாற்காலியில் உட்கார வைத்தால் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். அதனால் கடைசி வரியை எழுதி, ஓர் இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில், டீக்கடையில் பார்த்த முகங்களை நினைத்துப் பாருங்கள். கையால் வாயை மறைத்துச் சிரிப்பவர்கள், பன்னை டீயில் நனைத்தே தின்பவர்கள். யாராவது ஞாபகத்துக்கு வந்தால், புதன்கிழமை காலை ஏழு மணிக்கு ஈஜிபுரா சிக்னலுக்கு அழைத்து வாருங்கள். அளவை அன்றைக்கே எடுத்துக்கொள்வாளாம்; வெள்ளைக் கோட்டோடு நிற்பாள். யாரும் வராவிட்டாலும் நிற்பாள்.

வரி இதுதான்:

புதன்கிழமை காலை, லீனாவின் நாற்காலியில் ______________ வந்து உட்கார்ந்து வாயைத் திறந்தார்.

பெயரை நீங்கள் எழுதுங்கள்.