மயில் போட்ட பிளவுஸ்

அந்தப் படத்தைப் போட்ட நிமிஷத்திலிருந்து லதுஷாவுக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

கொழும்புப் பக்கம் ஒரு கார்மென்ட்டில் ஆறு வருஷம் காலர் மட்டுமே தைத்துச் சலித்துப்போய், ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பி வந்தவள் அவள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், தங்கள் வீட்டு முன்னறையில் தையல் மெஷினைப் போட்டாள். தைக்கக் கொடுக்க ஆள்தான் வரவில்லை. பதுளை டவுனில் போட்டோகாப்பி எடுக்கும் கம்யூனிகேஷன் கடையில் வேலை செய்யும் சிநேகிதி நிவேதிகா, "நாலு லயத்த நம்பிக்கிட்டு எத்தன நாளைக்கு உக்காந்திருப்ப? ஃபேஸ்புக்ல ஒரு பேஜ் தொறந்துக்க" என்று சொல்லி, 'லது டிசைன்ஸ்' என்று அவளே பேரும் வைத்துக் கொடுத்தாள்.

முதல் படம், கதவு ஆணியில் மாட்டிய பச்சை பிளவுஸ். பதினொரு லைக் விழுந்தது. ஒன்பது சொந்தக்காரர்கள், ஒன்று நிவேதிகா, ஒன்று லதுஷாவே போட்டுக்கொண்டது. அடுத்த படங்களுக்கு அதுவும் இல்லை. மூன்று வாரம் போன பிறகு, ஏதோ ஒரு குரூப்பில் ஒரு மெரூன் பிளவுஸ் கண்ணில் பட்டது. முதுகு முழுக்க ஜரிகை நூலில் ஆரி எம்பிராய்டரி வேலை. தோளில் தலை வைத்த மயில், இடுப்புவரைக்கும் தோகையை இறக்கியிருந்தது. யார் தைத்தது என்று பேர் எதுவும் இல்லை. அதை எடுத்து, 'புதிய டிசைன், ஓடர்களுக்கு அழைக்கவும்' என்று எழுதித் தன் பேஜில் போட்டுவிட்டாள்.

லயத்துக்கு மேலே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனால்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். அன்று பின்நேரத்துக்குள் ஏழு தடவை ஏறி இறங்கினாள். முந்நூறு லைக் தாண்டியிருந்தது. எட்டாவது தடவை ஏறியபோது போன் அடித்தது. ஹல்துமுல்லையில் படிப்பிக்கும் ஜெயமலர் டீச்சர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். பேச்சு யாழ்ப்பாணப் பேச்சாக இருந்தது.

"பிள்ளைக்கு அடுத்த மாதம் கலியாணம். உந்த மயில் போட்ட பிளவுஸ் நீங்கள்தானே தைச்சது?"

லதுஷா ஒரு நொடிதான் தயங்கினாள். "ஆமாங்க டீச்சர்."

"அப்ப அதே மாதிரி ஒண்டு வேணும். துணியை பஸ்ஸிலை குடுத்து விடுறன்."

ஆரி ஊசியை அவள் கையில் பிடித்ததே இல்லை. யூடியூபைப் பார்த்துப் பழகலாம், ஒரு மாதம் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். பதுளைக்குப் போய் ஊசியும் வளையமும் வாங்கி, பழைய துணியில் போட்டுப் பார்த்தாள். மயில் என்று சொன்னால் தவிர மயில் என்று தெரியாது. பிரித்தாள். மறுபடி போட்டாள். விரல்நுனி புண்ணானதுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை படத்துக்குக் கீழே ஒரு கமென்ட் வந்திருந்தது. 'இது நான் செஞ்ச வேலை. என்ட படத்த ஏன் போட்டீங்க? நஸ்மியா, பண்டாரவளை.'

லதுஷா உடனே நிவேதிகாவுக்குப் போன் எடுத்தாள்.

"அழிச்சிட்டு பிளாக் பண்ணிரு. இப்பதான் பேஜ் ஓடத் தொடங்கியிருக்கு" என்றாள் அவள்.

லதுஷா கமென்ட்டை அழித்தாள். பிளாக் பண்ண மட்டும் கை வரவில்லை. அரைமணி நேரத்தில் இன்பாக்ஸில் வந்தது: 'ஏன் அழிச்சீங்க?'

கீழே வந்து பாத்திரம் கழுவினாள், பாதியில் விட்டாள். மெஷினுக்கு எண்ணெய் விட்டாள். திரும்ப மேலே போனாள். வேறு மெசேஜ் இல்லை. அந்த ஒரு வரி மட்டும் அப்படியே இருந்தது. நஸ்மியா திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

திங்கட்கிழமை டீச்சரின் பார்சல் வந்தது. கூறைச் சேலையிலிருந்து வெட்டியெடுத்த துணி, கூடவே அளவு பிளவுஸ். மேசையில் விரித்து, சோக்கட்டியால் கோடு போட்டு, கத்தரிக்கோலை எடுத்தாள். பட்டு விரலில் வழுக்கியது. இதை வெட்டிக் கெடுத்தால் இன்னொரு துண்டுக்கு எங்கே போவது? யாரோ ஒரு பெண் மணவறையில் உட்காரப் போகிற துணி. கத்தரிக்கோலை வைத்துவிட்டு வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தாள். மத்தியானம்வரை அதே நடைதான். பிறகு தொட்டிப் பக்கம் ஏறி டீச்சருக்குப் போன் எடுத்தாள்.

"டீச்சர், அந்தப் படம் என்னோடது இல்லீங்க. நான் பொய் சொல்லிட்டேன். துணிய இன்னும் வெட்டல."

"கலியாண வீட்டுக்காரரோடை இப்பிடியே விளையாடுறது?" டீச்சரின் குரல் உயரவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

"தச்சவங்க பண்டாரவளையில இருக்காங்க. நஸ்மியான்னு பேரு. அவங்க பேஜ அனுப்புறேன்."

"முதல்லை என்ரை துணி வரட்டும்." போனை வைத்துவிட்டார்.

அன்றைய பின்நேர பஸ்ஸிலேயே பதுளைக்குப் போய்ப் பார்சலைத் திருப்பி அனுப்பினாள்; நஸ்மியாவின் பேஜையும் டீச்சருக்கு அனுப்பிவைத்தாள். பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே படத்துக்கு மேலிருந்த எழுத்தை மாற்றினாள். 'இது என் வேலை இல்லை. பண்டாரவளை நஸ்மியா அவர்களுடையது. கேட்காமல் போட்டதும், அவர் கேட்டதை அழித்ததும் என் பிழை. எனக்கு ஆரி தெரியாது. சாதா பிளவுஸ் தைப்பேன்.' நஸ்மியாவின் இன்பாக்ஸிலும் அதையே போட்டாள்.

"ஒனக்கு என்ன பைத்தியமா?" என்றாள் நிவேதிகா. "ஒரு பய இனி ஓடர் குடுக்க மாட்டான்."

அவள் சொன்னது ஏறக்குறைய சரிதான். அந்த வாரம் எழுபது பேர் பேஜை விட்டுப் போனார்கள். சிரிப்புப் பொம்மை போட்டவர்களும் இருந்தார்கள். படத்தையும் எடுத்துவிடச் சொல்லி நஸ்மியா ஒற்றை வரி அனுப்பியிருந்தாள். லதுஷா எடுத்துவிட்டாள்.

பத்து நாள் கழித்து நஸ்மியாவே போனில் பேசினாள்.

"ஹல்துமுல்லை டீச்சர் வந்து ஓடர் தந்திட்டுப் போனாங்க. ஒங்களுக்கு நன்றி சொல்ல எடுக்கல்ல. ஒரு விஷயம் கேக்கணும். நான் ஆரி மட்டும்தான் போடுற. கல்யாண சீசன்ல வெட்டித் தெக்க ஆளில்ல. நீங்க எப்படித் தெப்பீங்க? பொய் சொல்லாம சொல்லுங்க."

"வெட்டு சுத்தமா இருக்கும். கொஞ்சம் மெதுவாத்தான் தைப்பேன்."

"அப்ப ஒண்டு தெச்சுப் படம் அனுப்புங்க. ஒங்கட கையால தெச்சது."

அடுத்த நாளே கிடந்த வெள்ளைத் துணியில் ஒன்று தைத்தாள். வாசல் வெளிச்சத்தில் முன்னாலும் பின்னாலும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, தொட்டிச் சுவரில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். இரண்டு டிக்கும் நீலமாகி நெடுநேரமாயிற்று. பிறகு வந்தது பதில்.

'இடது தோள்ல சுருக்கம் ஈக்கி. பிரிச்சுத் தெச்சு இன்னொருக்கா அனுப்புங்க. மத்தது சரி. சனிக்கிழம மூணு துணி அனுப்புறன்.'

லதுஷா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சுருக்கம் இருக்கத்தான் செய்தது. பிரிக்கிற ஊசியை எங்கே வைத்தோம் என்று யோசித்துக்கொண்டே படியிறங்கினாள்.